ரோஜா சாத்தாத கதவு

ரோஜா எந்தக் கதவையும் சாத்த மாட்டாள்.

நாரணாபுரத்தில் அவள் வீட்டு வாசல் பகலெல்லாம் விரியத் திறந்தே கிடக்கும். கோழி உள்ளே வந்து முறத்து அரிசியைக் கொத்தும். பக்கத்து வீட்டு ஆடு அடுப்படிவரை வந்து எட்டிப் பார்க்கும். “உன் புண்ணியத்துல இந்தத் தெரு ஆடெல்லாம் கொழுத்துப் போச்சுடீ” என்று சித்தி மூக்கம்மாள் திட்டுவாள். சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் மழைக்கு ஷட்டரை இறக்கினால், நனைந்தாலும் பரவாயில்லை என்று ரோஜா அதைப் பாதிவரை ஏற்றிவிடுவாள். பார்ப்பவர்களுக்கு அது கிறுக்குத்தனம். காரணம் தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பட்டாசு ஆபீஸ் என்பார்களே, அந்தப் பட்டாசு ஆலையில் வேலை அறைகளுக்கு எதிரெதிராகக் கதவு வைத்திருப்பார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது ஒரு கதவைக்கூடச் சாத்தக் கூடாது. முதல் நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். வெடிமருந்தைத் தொடச் சொல்வது அப்புறம்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இது தாய்ப்பாலோடு வந்த பாடம். திறந்த கதவு என்றால் உயிர்.

ரோஜாவின் அம்மா அய்யம்மாள் வேலை பார்த்த அறையில், அன்றைக்கு லாரி லோடுக்காக அட்டைப்பெட்டிகளை ஒரு கதவோரம் அடுக்கியிருந்தார்கள். பெண்கள் எதையோ மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம். அவன் மறு கதவுக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தான். தீ பிடித்தபோது அய்யம்மாள் தாழிட்ட அந்தக் கதவை நோக்கித்தான் ஓடியிருக்கிறாள். அங்கேதான் கிடந்தாள்.

ரோஜாவுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு அவள் கை எந்தக் கதவையும் தள்ளிச் சாத்தவில்லை.

மூக்கம்மாள்தான் அவளையும் அண்ணன் மாரிக்கண்ணனையும் வளர்த்தாள். “உங்கம்மா போன வழியில நீ போகக் கூடாது” என்று ஒரே பிடிவாதமாக நின்று ரோஜாவைப் பன்னிரண்டு வரை படிக்க வைத்து, கம்ப்யூட்டரும் கற்றுக்கொள்ள அனுப்பினாள். அந்தப் படிப்பை வைத்துத்தான் ரோஜா தனுஷ்கோடி அண்ணாச்சியின் அச்சகத்தில் சேர்ந்தாள். பட்டாசுப் பெட்டிகளுக்கு மேலே ஒட்டுகிற லேபிள் அடிக்கும் அச்சகம் அது. மருந்து வாடை இல்லாத வேலை. மை வாடை மட்டும்தான். அந்த வாடை வீட்டுக்குள் நுழைந்த அன்று மூக்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆனால் அண்ணாச்சியோ, சந்தேகத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற மனிதர்.

ஒரு சீசனில் அவர் அச்சகத்தில் போட்ட மயில் படம், ஆர்டர் கொடுத்த கம்பெனியின் பெட்டி கடைக்குப் போகும் முன்பே வேறொரு கம்பெனிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. லேபிளைப் பார்த்துத்தான் பட்டாசு விற்கும் என்பது சிவகாசிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டர் கொடுத்த முதலாளி அண்ணாச்சியை நாலு பேர் முன்னால் வைத்து ஏசிவிட்டார். அன்றிலிருந்து அண்ணாச்சி யாரையும் நம்புவதில்லை. பின்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். கெட்டுப்போன தாளைக்கூட வெளியாளிடம் கொடுக்க மாட்டார். கட்டி, பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குள் அனுப்பிவிடுவார். அதைக் கிழித்துக் கழிப்பது வீட்டம்மா பாடு என்பது அவர் அம்மா காலத்து வழக்கம். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்புகிறவர்கள் தூக்குவாளியைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். ஒரு நாள் மெஷின்மேன் கருத்தப்பாண்டியின் மிச்ச ரசத்துக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார்.

“அண்ணாச்சி, ரசத்துல லேபிளு மிதக்குமா?” என்றான் கருத்தப்பாண்டி.

“மிதக்காதுலே. முங்கும். அதான் கரண்டி.”

ரோஜாவின் மேசை அந்தப் பூட்டிய பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. தாள் கட்டுகளுக்கும் தின்னர் டின்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, தினமும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். அதைத் திறக்கச் சொன்னால், “எதுக்குத் தொறக்கச் சொல்லுத?” என்று அதற்கும் ஒரு சந்தேகம் வரும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மாசியில், கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்து, சேர்த்து வைத்திருந்த படங்களில் பாதியைத் தின்றுவிட்டது. விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜெயச்சந்திரனை அண்ணாச்சி வரவழைத்தார். வந்தவர் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் சில சீடிக்களும் கொண்டுவந்தார்.

“இதுல லினக்ஸ் போடுதேன் அண்ணாச்சி. எல்லாப் படமும் இதுக்குள்ள இருக்கும். ரோஜா கம்ப்யூட்டரு இதுகிட்ட கேட்டு வாங்கிக்கிடும். வைரஸ் பயம் குறைவு.”

“குறைவுன்னா? கொஞ்சம் இருக்குன்னுதானே அர்த்தம்?” என்றார் அண்ணாச்சி. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜெயச்சந்திரனின் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சீடி ஓடியது. மொழி கேட்டது, நேரம் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் போடும்போது மட்டும் மற்றவர்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார் அண்ணாச்சி. கடைசியில் ஒரு திரை வந்து நின்றது.

“இது என்ன தம்பி கேக்குது?”

“ஃபயர்வால் எம்புட்டு வேணும்னு கேக்குது. டெலிபோன் லைன் வழியா வெளியாளு உள்ள வந்துராமத் தடுக்கிற காவலு. ஹை, மீடியம், வேண்டாம். மூணுல ஒண்ணச் சொல்லணும்.”

“வேண்டாம்னு ஒருத்தன் சொல்லுவானா?”

“சொல்றவுக இருக்காக அண்ணாச்சி.”

“அவுக கம்பெனி எங்கன இருக்கு? ஒரு எட்டுப் போய் அவுக லேபிளப் பாத்துட்டு வாரேன்.”

கருத்தப்பாண்டி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டான்.

“ஹையே போடு. அதுக்கு மேல ஒண்ணு இருந்தா அதையும் போடு” என்றார் அண்ணாச்சி.

“ஹைன்னா எல்லாக் கதவையும் சாத்திரும். யாரு தட்டுனாலும் தொறக்காது. உள்ள இருக்க ரோஜா கம்ப்யூட்டரு தட்டுனாக்கூடத் தொறக்காது. அதுக்குத்தான் கீழ ஒரு கட்டம் வச்சிருக்கான். இந்த உள் லைன்ல வாரவுகள நம்புறியான்னு கேக்கான். அதுல ஒரு டிக் போட்டுட்டா வெளியாளுக்குக் கதவு சாத்தியிருக்கும், நம்ம ஆளுக்குத் தொறந்திருக்கும்.”

“நம்பணுமா?”

“உள்ள இருக்கவுகதானே அண்ணாச்சி.”

“உள்ள இருக்கவுகளா!” அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். “வெளிய இருக்கவனுக்கு எங் கடையில என்ன ஓடுதுன்னு எப்படித் தெரியும்? உள்ள இருக்கவன் சொன்னாத்தான் தெரியும். மயிலு பறந்து போச்சே, அது தானாவா போச்சு? டிக் போடாத.”

தேநீர்த் தம்ளரோடு பின்னால் நின்றிருந்த ரோஜா அதைக் கேட்டாள். அந்த உள் லைனில் இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அன்றைக்கு ஹை போட்டார்கள். டிக் போடவில்லை. ஜெயச்சந்திரன் சொன்னபடியே ஆனது. புதுப் பெட்டி ஊமையாக நின்றது. ரோஜாவின் கம்ப்யூட்டர் தட்டித் தட்டிப் பார்த்தது. பதிலே இல்லை. மெஷின் படத்துக்குக் காத்துக்கிடந்தது. சீசன் ஆர்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அண்ணாச்சிக்கு ஜெயச்சந்திரன் மேலேயே சந்தேகம் வந்து, போனில் கத்தினார். ஜெயச்சந்திரனுக்கோ சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வேலை, வர முடியாது. “ரோஜாவ விட்டே முதல்லருந்து போடச் சொல்லுங்க. அதுக்குத் தெரியும். அந்த டிக்க மட்டும் போட்டுட்டா முடிஞ்சுது” என்றார்.

அண்ணாச்சி அன்று ஆமத்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ரோஜாவிடம் வந்து, சுவரைப் பார்க்கச் சொல்லாமல் முதல் தடவையாகக் கடவுச்சொல்லைக் காதோரம் சொன்னார். சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருந்துகிறவர் போல அவள் முகத்தையே பார்த்தார்.

“ஏ புள்ள, நான் வாரதுக்குள்ள வேல ஓடணும். டிக் மட்டும் போடாத. அத விட்டுட்டு என்னமும் பண்ணு.”

அவர் போனார். ரோஜா சீடியைப் போட்டாள். அதே கேள்விகள், அதே திரை. மூன்று பெயர்கள் வரிசையாக நின்றன. ஹை என்றால் வேலை ஓடாது. மீடியம் வைத்தாலும் தன் கம்ப்யூட்டருக்கு வழி கிடைக்காது என்று கீழே போட்டிருந்த விளக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டாள். டிக்கோ, போடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

யாருக்கும் தெரியாமல் டிக் போட்டு ஹை வைத்திருக்கலாம். அதுதான் சரியான வழி. அது அவளுக்கும் தெரியும். மவுஸ் அம்பை ஹையின் மேல் கொண்டுபோய் வைத்தாள். ‘எல்லாக் கதவையும் சாத்திரும். யாரு தட்டுனாலும் தொறக்காது.’ ஜெயச்சந்திரனின் குரல் காதில் கேட்டது. முதுகுக்குப் பின்னால் அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தாழிட்ட கதவைத் தட்டுகிற ஒரு கை அவள் கண்ணுக்குள் தெரிந்தது. வளையல் போட்ட கை.

விரல் அமுங்கவில்லை. அம்பு இறங்கி, இறங்கி, கடைசிப் பெயரில் வந்து நின்றது. வேண்டாம். அமுக்கினாள்.

படங்கள் மடை திறந்தது போல வந்தன. மெஷின் ஓடியது. கல்யாணத்திலிருந்து திரும்பிய அண்ணாச்சி தாம்பூலப் பையோடு நேராக அவளிடம் வந்தார்.

“ஹைதானே?”

“ம்.”

“டிக் போடலியே?”

“போடல அண்ணாச்சி.”

ஒரு ‘ம்’. அந்த ஒற்றை எழுத்துத்தான் பின்னால் அவள் கழுத்தைச் சுற்றியது.

அந்தச் சித்திரையில்தான் ரோஜா அந்த யானைக்குட்டியைப் போட்டாள். புஸ்வாணப் பெட்டிக்கான லேபிள். தும்பிக்கையைத் தூக்கி, தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி பொன்னிறப் பூப்பொறியைப் பீய்ச்சுகிற யானைக்குட்டி. ஒரு காது மடிந்திருக்கும். கண்ணில் ஒரு குறும்பு இருக்கும். ஆர்டர் கொடுத்த முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தாராம். அண்ணாச்சியின் மனைவி சொர்ணலட்சுமி வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “கண்ணு பட்டுரும் போல இருக்கே” என்று திருஷ்டி கழிக்கத் திரைக்கே நெட்டி முறித்தாள். ஆனியில் லேபிள் அச்சானது. பெட்டிகள் கடைக்குப் போக இன்னும் நாள் இருந்தது.

ஆடியில் ஒரு மத்தியானம் அண்ணாச்சி விருதுநகரிலிருந்து வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் கைவிட்டு, ஒரு புஸ்வாணப் பெட்டியை ரோஜாவின் மேசைமேல் வைத்தார். வேறு கம்பெனியின் பெட்டி. அதன் மேல் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது அவளுடைய யானைக்குட்டி. பொன்னிறப் பொறியைப் பச்சையாக்கியிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஷின் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கருத்தப்பாண்டியே நிறுத்திவிட்டான்.

“உங்க அண்ணன் எங்க வேல பாக்கான்?” என்றார் அண்ணாச்சி.

ரோஜா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். கம்பெனிப் பெயரைப் படித்தாள். மாரிக்கண்ணன் லோடு ஏற்றுகிற அதே கம்பெனி.

“அண்ணாச்சி, எங்க அண்ணனுக்கு ஒண்ணும்...”

“நான் எங்க வேல பாக்கான்னுதான் கேட்டேன்.”

மறுநாளே ஜெயச்சந்திரனை வரவழைத்தார். அவர் புதுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அந்தத் திரையைத் திறந்தார். ரோஜாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம். அதுதான் அவளைக் குத்தியது.

“சொல்லு தம்பி.”

“காவலே போடல அண்ணாச்சி. வேண்டாம்னு போட்டிருக்கு.”

“எம்புட்டு நாளா?”

“அன்னைக்குப் போட்டதுலருந்து இப்படித்தான் இருந்திருக்கணும்.”

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் ரோஜா தாங்கியிருப்பாள். மெல்ல வந்து அவள் முன்னால் நின்று, “யாரு போடச் சொன்னா?” என்றார்.

“யாரும் சொல்லல.”

“பின்ன ஏன் தொறந்து போட்ட?”

“என்னால சாத்த முடியல அண்ணாச்சி.”

அந்தப் பதில் அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அண்ணாச்சி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“கேட்டியா தம்பி? சாத்த முடியலயாம். களவாணிக்குக் கதவத் தொறந்து வச்சிட்டு, கை வலிச்சுதுன்னு சொல்லுதா. ஏ புள்ள, வெள்ளிக்கெழம வரைக்கும் உனக்கு நேரம். யாரு கேட்டு, யாருட்ட குடுத்தன்னு சொல்லிரு. இல்லன்னா சூலக்கரைக்குப் போய் போலீசுல மனுக் குடுப்பேன். உம் பேரும் இருக்கும், உங்க அண்ணம் பேரும் இருக்கும்.”

கருத்தப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் தூக்குவாளியைத் திறந்து காட்டும்போது ரோஜாவின் கை தவறி, மூடி தரையில் உருண்டு ஓடியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

சந்தேகம் தொத்துகிற நோய். அது பஸ் ஏறி நாரணாபுரத்துக்கும் வந்தது.

“ஏலே மாரி, நீ என்னமும் சொன்னியாலே?” மூக்கம்மாள் சோற்றைப் போடாமல் கரண்டியோடு நின்றாள்.

“நான் லோடு ஏத்துறவன் சித்தி. பெட்டி மேல யானை நிக்கா, பூனை நிக்கான்னு பாக்க எனக்கு எங்க நேரம்?”

“அண்ணே, உங்க கம்பெனியில படம் போடுறவுக யாருட்டயாவது...” என்று ரோஜா தொடங்கினாள்.

“நீதானே கம்ப்யூட்டரத் தொறந்து போட்ட? என்னைய ஏன் கேக்க?”

தட்டைத் தள்ளிவிட்டு மாரிக்கண்ணன் எழுந்து போனான். அவன் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. திறந்து போட்டது அவள்தானே? டெலிபோன் கம்பி வழியாக எவனோ நுழைந்து யானைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்? அம்மாவுக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகத் திருடன் வந்திருந்தால்? அண்ணாச்சி அவளைச் சந்தேகப்பட்டது பெரிதில்லை. அவளே அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். அதுதான் கொடுமை.

வியாழக்கிழமை காலை மூக்கம்மாள் வாசலோரம் உட்கார்ந்து வெடிக்கு டியூப் என்கிற காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். பட்டாசு ஆபீஸ் வேலையை விட்டபிறகு அவளுக்கு அதுதான் பிழைப்பு. பழைய தாளைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவி எடுத்து வெயிலில் அடுக்க வேண்டும். அந்தத் தெருவில் பாதி வீட்டில் அந்த வேலைதான். ரோஜா பக்கத்தில் உட்கார்ந்து, கை போன போக்கில் ஒரு தாளை எடுத்துக் கம்பியில் வைத்தாள்.

மடிந்த காது ஒன்று தெரிந்தது.

சுற்றியதைப் பிரித்தாள். தும்பிக்கை வந்தது. பொன்னிறப் பொறி வந்தது. ஒரே தாளில் வரிசை வரிசையாக யானைக்குட்டிகள்! தாள் கட்டை அவிழ்த்துக் கொட்டினாள். இன்னும் யானைகள். காய்ந்து அடுக்கியிருந்த குழாய்களின் முதுகிலெல்லாம் யானைத்தோல்.

“சித்தி, இது எங்கருந்து வந்துது?”

“சங்கிலிமுத்து போட்டுட்டுப் போனான். தெருவுக்கே அவன்தான பேப்பர் போடுறான்? ஏன்டீ, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?”

பழைய பேப்பர் வியாபாரி சங்கிலிமுத்து அடுத்த தெருவில்தான் சைக்கிளோடு நின்றிருந்தான். ரோஜா தாளைக் காட்டியதும் எதுவும் தெரியாத பிள்ளை மாதிரி முழித்தான்.

“இதுல என்ன இருக்கு? உங்க அண்ணாச்சி வீட்டம்மாட்ட எடுத்ததுதான். கலர் வெலகிப்போன தாளு. நல்லா முழுசு முழுசா இருந்துச்சு, டியூப்புக்கு நயமான தாளு. போன மாசமே எடுத்தாச்சு. இந்தத் தெருவுக்கும் போட்டேன், அங்கிட்டு நாலு தெருவுக்கும் போட்டேன். டியூப்பு எடுக்க எல்லாக் கம்பெனி ஆளும் அங்கன வாரான்.”

“அண்ணாச்சிட்ட வந்து இதச் சொல்லுங்கண்ணே.”

“நானா? அந்தாளு என் சைக்கிள் டியூப்பக் கிழிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாப்பாரு. ஆள விடு தாயி!” சைக்கிளில் ஏறிப் போயே விட்டான்.

ரோஜா வீட்டுக்குத் திரும்பி அந்தத் தாளை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்கம்மாளுக்குக் கதை விளங்கியதும் அவள் போட்ட கூச்சலில் கோழி பறந்து ஓடியது.

“அதத் தூக்கி அடுப்புல போடு! முதல்ல போடு! களவுபோன சாமான் நம்ம வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? நீதான் கொண்டாந்தன்னு சொல்லுவான். அந்தாளு சோத்துக்குள்ள கரண்டி விட்டுப் பாக்குறவன்!”

சித்தி சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அவளைக் காப்பாற்றப் போகிற தாளே அவளுக்கு எதிரான சாட்சியும்தான். எரித்துவிட்டால் நாளை மனுவில் பெயர் வரும். எடுத்துப் போனால் இன்றைக்கே கையும் களவுமாகப் பிடிபட்டவள் ஆவாள். ரோஜா நெடுநேரம் அந்த யானைக்குட்டியின் கண்ணையே பார்த்தாள். பிறகு இரண்டு தாளை மடித்து, பசை காயாத ஒரு குழாயையும் எடுத்து, மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அச்சகத்தில் அண்ணாச்சி மேசையில் உட்கார்ந்திருந்தார். சொர்ணலட்சுமி அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். ரோஜா தாளை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

அண்ணாச்சியின் கை சோற்றிலேயே நின்றது.

“எங்க இருந்துச்சு?”

“எங்க வீட்டுல அண்ணாச்சி.”

“பாத்தியா சொர்ணம்! பாத்தியா! அவ வாயாலயே சொல்லுதா! தெனமும் தூக்குவாளியத் தொறந்து காட்டிட்டுப் போனாளே, இதை எதுல வச்சுக் கொண்டு போனா?”

குழம்புக் கரண்டி சொர்ணலட்சுமியின் கையில் அசையாமல் நின்றது. அவள் கண் தாளின் மேல் இருந்தது.

ரோஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ‘இது உங்க வீட்டிலருந்து போனதுதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொர்ணலட்சுமி திரைக்கு நெட்டி முறித்த அன்று அவள் விரல்கள் எழுப்பிய சத்தம் நினைவுக்கு வந்தது. வாய் வரவில்லை.

“நான் கம்ப்யூட்டரத் தொறந்து போட்டது நெசம் அண்ணாச்சி. உங்ககிட்ட ‘ம்’னு சொன்னது பொய். அதுக்கு என்ன வேணா பண்ணுங்க. ஆனா இந்த யானை கம்ப்யூட்டர் வழியாப் போகல. நீங்களே தாளப் பாருங்க. எங்க அண்ணன் பேர மட்டும் எழுதிராதீக.”

அண்ணாச்சி கையைக் கழுவினார். கண்ணாடி போட்டார். மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஆயிரம் குறை இருந்தாலும் அவர் அச்சிலே பிறந்து வளர்ந்தவர். நான்கு நிறமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓட்டுகிற தாள்கள் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். தாளில் சிவப்பு ஒரு மயிரிழை வலப்பக்கம் விலகியிருந்தது. அதனால் யானைக்குட்டியின் கண்ணோரம் இரட்டைக் கோடு விழுந்திருந்தது.

பிறகு மஞ்சள் பையிலிருந்து அந்தப் போட்டிப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குனிந்தார். நிமிரவே இல்லை.

அந்தப் பெட்டியின் யானைக்கும் கண்ணோரம் இரட்டைக் கோடு. திருடியவன் பிழையையும் சேர்த்துத் திருடியிருந்தான். கம்ப்யூட்டரில் இருந்த படத்தில் அந்தக் கோடு கிடையாது. அது மெஷினில் விழுந்த பிழை. மெஷினில் கெட்ட தாள் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

அண்ணாச்சி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆளை.

“நாந்தான் போட்டேன்” என்றாள் சொர்ணலட்சுமி. குரல் உடைந்துவிட்டது. “உங்கம்மா நாலாக் கிழிச்சுத்தான் போடுவாக. கிழிச்ச தாள எடுக்க மாட்டேன்னு சங்கிலிமுத்து சொன்னான். முழுசாப் போட்டேன். ஆனியிலருந்து நாலு வாரம். அதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். நீங்க இவளக் கேள்வி கேட்ட அன்னைக்கே இந்தப் புள்ள முகத்தப் பாத்தேன். எனக்கு அப்பவே உறுத்துச்சு. சொல்லத்தான் தைரியம் வரல.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வீட்டம்மாள் ரோஜாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். மெஷின் பக்கம் நின்ற கருத்தப்பாண்டி மை துடைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் நீலமாக நின்றான்.

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டை மூடி வைத்தார். நாலு தடவை தொண்டையைச் செருமினார்.

“உள்ள வா. அந்தக் கம்ப்யூட்டரச் சரியாப் போடு. ஹையில போடு.”

“போடுதேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால அந்தப் பின்கதவத் தொறங்க.”

“எதுக்கு?”

பழைய சந்தேகம் ஒரு கணம் அவர் கண்ணில் மின்னியது. ரோஜா முதல் முறையாகத் தலை குனியாமல் அவரைப் பார்த்தாள்.

“எங்கம்மா பூட்டுன கதவுக்குப் பின்னாலதான் போனாக. கம்ப்யூட்டருக்குள்ள ஆளு இல்ல, அத எம்புட்டு வேணாலும் சாத்திக்கிடுவோம். இங்கன நாங்க இருக்கோம். தின்னரும் பேப்பருமா இருக்கு.”

அண்ணாச்சி வேட்டியை நகர்த்தி, அரைஞாணில் கட்டியிருந்த சாவியை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. சொர்ணலட்சுமிதான் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டிக் கொடுத்தாள். பூட்டு திறந்தது. துருப்பிடித்த கதவை அவரும் கருத்தப்பாண்டியும் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. ஆடிக் காற்று உள்ளே புகுந்து, மேசையில் இருந்த தாள்களையெல்லாம் வாரி இறைத்தது. யாரும் பிடிக்க ஓடவில்லை.

ரோஜா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மூன்று பெயர்கள். அம்பை ஹையின் மேல் வைத்தாள். முதுகில் காற்று பட்டது. ஒன்பது வயதுக்குப் பிறகு முதல் முறையாக, அவள் ஒரு கதவைச் சாத்தினாள்.

பிறகு கீழே இருந்த அந்தச் சின்னக் கட்டத்தைக் காட்டி, நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“இத நீங்க போடுங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி அதுவரை மவுஸைத் தொட்டதில்லை. பிடித்தபோது அம்பு திரையெங்கும் ஓடியது. கட்டத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டியது. நெற்றியில் வேர்வை அரும்பியது. கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“விழுந்துருச்சா?”

“விழுந்துருச்சு அண்ணாச்சி.”

அவர் எழுந்து மெஷின் பக்கம் போனார். ரோஜாவின் கம்ப்யூட்டர் தட்டியது, புதுப் பெட்டி திறந்தது, படம் வந்தது. கருத்தப்பாண்டி மெஷினை ஓட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, திறந்த பின்கதவை ஒரு தடவையும் தெருவை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, அண்ணாச்சி மெல்ல அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஏ புள்ள... அந்த டிக்கு அங்கனயே இருக்கா?”